கைக்குத் தெரிந்தது ஹென்றிக்குத் தெரியவில்லை

மூளையில் நினைவு எங்கே இருக்கிறது என்று கேட்டால் கொஞ்சம் படித்தவர்கள் உடனே ஹிப்போகாம்பஸ் என்று சொல்லிவிடுவார்கள். அந்தப் பதில் நமக்குக் கிடைத்ததே பெரும்பாலும் ஒரு மனிதர் மூலமாகத்தான். ஆனால் அதே மனிதரின் கதையை ஆரம்பத்திலிருந்து முழுதாகப் படித்துப் பார்த்தால், அந்தப் பதில் பாதிதான் சரி என்று புரியும். அவருக்கு என்ன போயிற்று என்பதையே எல்லோரும் எழுதுகிறார்கள். போகாமல் அவரிடம் என்ன தங்கியது என்பதில்தான் எனக்கு விஷயமே இருக்கிறது.

மருத்துவ இதழ்களில் 50 வருடத்துக்கு மேல் அவர் பெயர் எச்.எம்., அவ்வளவுதான். 2008-இல் அவர் இறந்த பிறகுதான் ஹென்றி குஸ்தாவ் மொலைசன் என்ற முழுப் பெயர் வெளியே வந்தது. நான் ஹென்றி என்றே எழுதப் போகிறேன். இரண்டு எழுத்துக்குள் அடங்குகிற ஆள் இல்லை அவர்.

ஆபரேஷனுக்கு முன்னால்

1926 பிப்ரவரி 26 அன்று அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தவர், வீட்டுக்கு ஒரே பிள்ளை. 10 வயதில் சின்னச் சின்ன வலிப்புகள் ஆரம்பித்தன. கீழே விழுந்து துடிக்கிற வகை இல்லை, சில விநாடிகள் பார்வை எங்கேயோ நிலைகுத்தி நிற்கும், கூப்பிட்டால் காதில் விழாது, பிறகு சரியாகிவிடும். 15 வயதில் பெரிய வலிப்பு வந்தது, அதற்கப்புறம் அது விடவே இல்லை. பள்ளியில் கேலி செய்தார்கள், நடுவில் நின்றார், மறுபடி சேர்ந்து 21 வயதில்தான் படிப்பை முடித்தார். டைப்ரைட்டர் செய்கிற தொழிற்சாலையில் வேலை பார்த்தார். 1953 வாக்கில் ஒரு நாளைக்குப் பத்து சின்ன வலிப்பு, வாரத்துக்கு ஒரு பெரிய வலிப்பு என்கிற நிலைமை. இருந்த மருந்துகளை எல்லாம் அதிகபட்ச அளவில் கொடுத்தும் அடங்கவில்லை. 27 வயது, வேலைக்குப் போக முடியவில்லை, தனியாக வெளியே விட முடியவில்லை. ஏன் அந்தக் குடும்பம் அப்படி ஒரு ஆபரேஷனுக்குச் சம்மதித்தது என்று யோசிக்கிறவர்கள் முதலில் இந்தப் பத்தியைத்தான் படிக்க வேண்டும்.

ஹார்ட்ஃபோர்ட் நகரில் வில்லியம் பீச்சர் ஸ்கோவில் என்ற நரம்பியல் அறுவை மருத்துவர் அவரைப் பார்த்து வந்தார். வலிப்பு மூளையின் ஏதோ ஒரு மூலையில் கிளம்புகிறது என்றால் அந்த மூலையைக் கண்டுபிடித்து எடுப்பது அன்றைக்கே தெரிந்த வழிதான். ஆனால் ஹென்றிக்கு மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்கிற ஈஈஜி எடுத்துப் பார்த்ததில் குறிப்பாக ஓர் இடம் என்று எதுவும் சிக்கவில்லை. அப்படியும் ஸ்கோவில், வலிப்புக்குப் பேர்போன இடம் என்பதால், டெம்போரல் லோப் என்கிற மடலின் உட்புறத்தை இரண்டு பக்கமும் எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார். காதுக்கு மேலே, நெற்றிப்பொட்டுக்கு உள்ளே ஆழத்தில் இருக்கிற பகுதி அது. மனநோயாளிகள் சிலருக்கு இதே மாதிரி ஆபரேஷனை அவர் ஏற்கெனவே செய்திருந்தார். இது வெளிப்படையாகவே ஒரு சோதனை முயற்சிதான் என்று பின்னால் அவரே எழுதியும் வைத்தார்.

1953-இல் ஆபரேஷன் நடந்தது. மூளைக்கு வலி தெரியாது என்பதால் தோலுக்கும் மண்டையோட்டுக்கும் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டார்கள், ஹென்றி விழித்துக்கொண்டுதான் இருந்தார். இரண்டு கண்ணுக்கும் மேலே மண்டையோட்டில் இரண்டு துளைகள். முன்மடலை மெல்லத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அதன் அடியில் வெள்ளிக் குழாயை நுழைத்து, உள்ளே இருந்த திசுவை உறிஞ்சி எடுத்தார் ஸ்கோவில். இரு பக்கமும் சுமார் 8 சென்டிமீட்டர் நீளத்துக்கு எடுத்ததாகக் கணக்கு எழுதினார். போனவை: உணர்ச்சியோடு சம்பந்தப்பட்ட அமிக்டலா, கடல்குதிரை மாதிரி வளைந்திருப்பதால் அந்தப் பெயரே பெற்ற ஹிப்போகாம்பஸ், அதற்கு வாசல்படியாக இருக்கிற என்டோரைனல் கார்டெக்ஸ் என்ற புறணிப் பகுதி.

அந்தக் காலத்தில் இருந்த நம்பிக்கையையும் இங்கே சொல்ல வேண்டும். கார்ல் லாஷ்லி என்ற உளவியலாளர் எலிகளுக்குப் பாதை பழக்கி, மூளையின் வெளி அடுக்கான புறணியில் அங்கங்கே வெட்டிப் பார்த்து, எந்த இடத்தில் வெட்டினோம் என்பது முக்கியமில்லை, எவ்வளவு வெட்டினோம் என்பதுதான் முக்கியம் என்கிற மாதிரி முடிவுக்கு வந்திருந்தார். 1950-இல் அவர் எழுதிய கட்டுரை பிரபலம். நினைவு மூளை முழுக்கப் பரவிக் கிடக்கிறது, ஒரு மூலையை எடுப்பதால் அது போய்விடாது என்று பலர் நம்பினார்கள். ஸ்கோவிலைக் காப்பாற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. எந்த இடம் என்றே தெரியாமல் இரண்டு பக்கத்தையும் எடுத்தது தப்பு என்றுதான் நான் நினைக்கிறேன், ஒரு பக்கத்தையாவது விட்டுவைத்திருக்கலாம்.

போனது

வலிப்பு நிஜமாகவே குறைந்தது. ஆனால் சில நாட்களிலேயே ஹென்றிக்கு நர்ஸ்களின் முகம் தெரியவில்லை, ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்க்கிறார். கழிவறை எங்கே என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார். அப்பா அம்மாவைத் தெரிகிறது. பேச்சு நன்றாக இருக்கிறது. முன்னாலேயே பழகிய ஸ்கோவிலையும் தெரிகிறது. ஆபரேஷனுக்குப் பிறகு வந்தது மட்டும் எதுவும் ஒட்டவில்லை. பத்து மாதம் கழித்துக் குடும்பம் அதே தெருவில் சற்றுத் தள்ளிக் குடிபோயிற்று, அவரோ பழைய வீட்டுக்கே போய் நின்றார். முந்தின நாள் தானே தள்ளிக்கொண்டு போன புல்வெட்டும் இயந்திரம் எங்கே இருக்கிறது என்று அம்மாவிடம் கேட்பார். ஒரே புத்தகத்தை, ஒரே படப்புதிரைத் திரும்பத் திரும்பப் புதிது போல எடுப்பார்.

மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற பெரிய அறுவை மருத்துவரிடம் பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே இரண்டு நோயாளிகளுக்கு ஒரு பக்க டெம்போரல் லோபில் ஆபரேஷன் செய்த பிறகு எதிர்பாராமல் ஞாபகம் போயிருந்தது, அதைப் பற்றி அவர்கள் எழுதியதை ஸ்கோவில் பார்த்தார், பேசினார். மில்னர் ரயிலேறி ஹார்ட்ஃபோர்டுக்கு வந்தார். 1955 ஏப்ரலில் அவர் ஹென்றியைச் சோதித்தபோது இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டதற்கு 1953 மார்ச் என்றார், வயது 27 என்றார். நடுவில் போன இரண்டு வருடம் அவருக்கு நடக்கவே இல்லை. அறைக்குள் வருவதற்குச் சற்று முன்புதான் இன்னொரு மருத்துவரோடு பேசிவிட்டு வந்திருந்தார், அப்படி யாரும் தன்னோடு பேசவில்லை என்றார். ஆனால் ஐ.க்யூ. 112 வந்தது, ஆபரேஷனுக்கு முன்பு 104 தான். ஞாபகத்துக்கான தனி அளவில் மட்டும் 67. சராசரி ஆளுக்கு அது 100 இருக்கும்.

112, 67 என்கிற இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அறிவு அப்படியே, ஏன், ஒரு படி மேலேகூட. ஞாபகம் பாதாளத்தில். அதுவரை மருத்துவர்களிடம் இருந்த ஞாபகமறதி கேஸ்களில் பொதுவாக எல்லாமே குழம்பிக் கிடக்கும், புத்தியும் மங்கியிருக்கும், எது எதனால் என்று பிரிக்க முடியாது. ஹென்றியிடம் ஒன்று மட்டும் கத்தரித்து எடுத்த மாதிரி போயிருந்தது. ஸ்கோவிலும் மில்னரும் 1957-இல் வெளியிட்ட கட்டுரை அதனால்தான் அப்படி ஓர் அதிர்ச்சியைக் கொடுத்தது. ஸ்கோவில் அதற்கப்புறம் இந்த ஆபரேஷனை இரண்டு பக்கமும் செய்யவே கூடாது என்று மற்ற மருத்துவர்களை எச்சரித்தார்.

584

ஒரு சோதனையை மட்டும் பக்கத்தில் நின்று பார்ப்போம். மில்னர் ஹென்றியிடம் 584 என்ற எண்ணைக் கொடுத்து ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார். யாரும் குறுக்கே பேசவில்லை. 15 நிமிடம் கழித்துக் கேட்டால் டக்கென்று 584 என்றார். எப்படி என்று கேட்டதற்கு அவர் சொன்ன கணக்கு இது: 8-ஐ மட்டும் பிடித்துக்கொண்டால் போதும், சுலபம். 5, 8, 4 மூன்றையும் கூட்டினால் 17. அதில் ஞாபகத்தில் இருக்கிற 8-ஐக் கழித்தால் 9. அதை இரண்டாகப் பிரித்தால் 5-உம் 4-உம். ஆக, 584. எவ்வளவு அழகாகச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார் பாருங்கள், விழுந்துவிடக் கூடாது என்று பம்பரத்தைச் சாட்டையால் அடித்துக்கொண்டே இருக்கிற பையன் மாதிரி. பிறகு பேச்சு வேறு பக்கம் திரும்பியது. ஒரு நிமிடம்தான். எண் என்ன என்று கேட்டால் தெரியவில்லை, அந்தக் கணக்கும் தெரியவில்லை, தனக்கு ஓர் எண் கொடுக்கப்பட்டது என்பதே தெரியவில்லை.

குறுகியகால நினைவும் நீண்டகால நினைவும் வேறு வேறு என்று நாம் பள்ளிப் புத்தகத்தில் ஒரு வரியில் படித்துவிட்டுப் போகிறோம். அது இப்படி ஒரு மனிதர் வாயில் வந்த விஷயம். மனதில் ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டு புரட்டுகிற வேலை முன்மடலும் பக்கவாட்டு மடலும் சேர்ந்து செய்வது, நரம்பணுக்கள் அந்த நேரத்துக்குச் சுறுசுறுப்பாக இயங்கிக்கொண்டிருந்தால் போதும். கவனம் திரும்பினால் அது கலைந்துவிடும். நமக்குக் கலைந்தாலும் அதற்குள் ஒரு பிரதி வேறு எங்கேயோ பதிந்திருக்கும், ஹென்றிக்கு அந்தப் பிரதி எடுக்கிற இடம் இல்லை. 1966-இல் வேறு இரண்டு ஆய்வாளர்கள் இதை இன்னும் துல்லியமாகக் காட்டினார்கள்: கேட்டவுடன் திருப்பிச் சொல்கிற எண்வரிசை அவருக்கு சாதாரண ஆட்கள் அளவுக்கு வந்தது, ஆனால் அந்த எல்லைக்கு மேல் ஒரே ஓர் இலக்கம் கூட்டி, அதே வரிசையை 25 தடவை சொல்லிக்கொடுத்தும் வரவில்லை. நமக்கு நாலைந்து தடவை கேட்டாலே வந்துவிடும்.

அப்படியானால் ஹிப்போகாம்பஸ் என்னதான் செய்கிறது

ஒரு சம்பவம் நடக்கும்போது அதன் துண்டுகள் மூளையில் ஒரே இடத்துக்குப் போவதில்லை. பார்த்தது பின்மடல் பக்கம், கேட்டது காதோரப் பகுதி, எந்த இடம் என்பது இன்னொரு பகுதி, மனசில் எழுந்த பயமோ சந்தோஷமோ அமிக்டலா பக்கம். இவை எல்லாவற்றிலிருந்தும் வருகிற இழைகள் என்டோரைனல் கார்டெக்ஸ் வழியாக ஹிப்போகாம்பஸுக்குள் வந்து சேர்கின்றன. அங்கே நடப்பது பூ தொடுக்கிற மாதிரியான வேலை. பூவெல்லாம் வெளியில் இருந்து வந்தது, இங்கே போடுவது முடிச்சு. பின்னால் ஒரு துண்டு கிடைத்தால், ஒரு வாசனையோ ஒரு குரலோ, முடிச்சைப் பிடித்து இழுத்தால் முழுச் சரமும் வந்துவிடும்.

முடிச்சு எப்படி விழுகிறது என்பதற்கு 1973-இல் ஒரு பெரிய தடயம் கிடைத்தது. டிம் பிளிஸ், டெர்யே லோமோ என்ற இருவர் முயலின் ஹிப்போகாம்பஸில் சில விநாடிகள் வேகமாக மின் தூண்டல் கொடுத்தார்கள், அதற்கப்புறம் மணிக்கணக்காக, நரம்பணுக்கள் செய்தி மாற்றிக்கொள்கிற அந்த சினாப்ஸ் சந்திப்புகள் முன்னைவிட பலமாகப் பதில் கொடுத்தன. காரணம் பின்னால் தெரிய வந்தது. நரம்பணுவின் மேல் என்எம்டிஏ என்ற ஒரு ஏற்பி, அதாவது செய்தியை வாங்கிக்கொள்கிற ஒரு கதவு, இருக்கிறது, அதன் வாயை ஒரு மக்னீசியம் அயனி அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். முன்னால் இருக்கிற நரம்பணுவிலிருந்து குளுட்டமேட் என்ற செய்தி கடத்தும் வேதிப்பொருள் வர வேண்டும், அதே நேரத்தில் பின்னால் இருக்கிற நரம்பணுவும் தூண்டப்பட்டிருக்க வேண்டும், அப்போதுதான் மக்னீசியம் விலகிக் கால்சியம் உள்ளே பாயும். ஒன்று மட்டும் நடந்தால் திறக்காது. இரண்டு விஷயங்கள் சேர்ந்து நடந்தன என்பதை ஒரு மூலக்கூறு கவனித்துக்கொண்டிருக்கிறது என்று முதல்முறை படித்தபோது எனக்குச் சிலிர்த்தது, இன்றைக்கும் அது குறையவில்லை. கால்சியம் பாய்ந்ததும் சந்திப்பில் புதிய ஏற்பிகள் வந்து சேர்கின்றன. நீண்ட நாள் தங்க வேண்டும் என்றால் புதிய புரதங்களும் தேவை, அதற்கு மணிக்கணக்காகும்.

அதற்கு மேல் நடப்பது மாதங்களிலும் வருடங்களிலும். தூக்கத்தில் எலியின் ஹிப்போகாம்பஸ் பகலில் ஓடிய வழியை மறுபடி ஓட்டிப் பார்க்கிறது என்று 1994-இல் காட்டினார்கள். அப்படி ஓட்டிப் பார்க்கப் பார்க்க, புறணியில் இருக்கிற துண்டுகளுக்குள்ளேயே நேரடித் தொடர்பு பலப்படுகிறது, ஹிப்போகாம்பஸின் முடிச்சை நம்பியிருப்பது குறைகிறது. ஹென்றியின் பழைய நினைவுகள் பிழைத்ததற்குச் சொல்லப்படும் விளக்கம் இதுதான். அம்மா அப்பா, படித்த பள்ளி, இரண்டாம் உலகப் போர் எல்லாம் புறணியில் இறங்கி உட்கார்ந்துவிட்டன. ஆபரேஷனுக்குச் சற்று முந்தைய வருடங்கள் இன்னும் ஹிப்போகாம்பஸின் கையில் இருந்தன, அதோடு போயின.

இங்கே ஒரு பெரிய சண்டை உண்டு, அதைத் தாண்டிப் போக எனக்கு மனசில்லை. முதலில் ஹென்றிக்குப் பின்னோக்கிப் போன மறதி இரண்டு மூன்று வருடம்தான் என்றார்கள். பின்னால் பொறுமையாகப் பேசிப் பார்த்தபோது வேறு மாதிரித் தெரிந்தது. குழந்தைப் பருவத்தைப் பற்றிக் கேட்டால் தகவல் சொல்கிறார். எங்கே போனோம், யார் வந்தார்கள், என்ன பழக்கம் எல்லாம் வருகிறது. ஆனால் ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட இடத்தில் நான் நின்றேன், இப்படி இருந்தது என்று காட்சியாக விரித்துச் சொல்லக்கூடியது ஒன்றிரண்டுதான். அதில் ஒன்று 13 வயதில் சின்ன விமானம் ஒன்றில் ஏறிப் பறந்தது. அதை மட்டும் கேட்டால் விவரம் விவரமாக வரும். அதனால் சில ஆய்வாளர்கள், தகவலாகிவிட்ட நினைவு புறணிக்கு இறங்கும், ஆனால் காட்சியாக வாழ்கிற நினைவுக்கு ஹிப்போகாம்பஸ் கடைசி வரைக்கும் வேண்டும் என்கிறார்கள். மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ஈ.பி. என்று அறியப்பட்ட இன்னொரு நோயாளிக்கு மூளைக்காய்ச்சலில் இரு பக்கமும் ஹிப்போகாம்பஸ் அழிந்திருந்தது, அவரால் சின்ன வயதில் வாழ்ந்த ஊரின் தெருக்களை மனதுக்குள் சுற்றி வந்து வழி சொல்ல முடிந்தது, இப்போது குடியிருக்கிற தெருவைத்தான் சொல்ல முடியவில்லை. எனக்கு முதல் கட்சிதான் சரி என்று படுகிறது, ஹென்றியின் அந்த ஒற்றை விமானப் பயணத்தால்.

நட்சத்திரம்

மில்னர் மேஜை மேல் ஒரு தாளை வைக்கிறார். தாளில் நட்சத்திரம், இரட்டைக் கோட்டில் வரைந்தது. இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கிற ஒல்லியான சந்தில் பென்சிலை ஓட்டிக்கொண்டு ஒரு சுற்று வர வேண்டும். ஆனால் தாளையும் கையையும் நேராகப் பார்க்க முடியாதபடி ஒரு தட்டி மறைக்கிறது, எதிரில் இருக்கிற கண்ணாடியில்தான் பார்க்க வேண்டும். செய்து பாருங்கள், முனை திரும்புகிற இடத்தில் கை எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டு ஓடும், கோட்டைத் தாண்டிப் போய் அங்கேயே ஆடும். யாருக்கும் முதலில் இதே கதிதான். ஹென்றிக்கும் அதே கதி. ஒரு நாளைக்கு 10 தடவை, மூன்று நாள்.

தடவைக்குத் தடவை பிழை குறைந்தது. அது பெரிதில்லை. இரண்டாம் நாள் வந்து உட்கார்ந்தபோது முதல் நாள் எங்கே விட்டாரோ அங்கிருந்து கை தொடர்ந்தது. மூன்றாம் நாள் கிட்டத்தட்டப் பிழையே இல்லை. ஆனால் இதை முன்பு செய்திருக்கிறீர்களா என்றால், இல்லை. கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தேன், இவ்வளவு சுலபமாக வருகிறதே என்று அவருக்கே ஆச்சரியம். முப்பது தடவை வரைந்த கை அந்த மேஜை மேலேயே இருக்கிறது. அந்த முப்பது தடவையும் அந்தக் கைக்குச் சொந்தக்காரரிடம் இல்லை.

இதை நம்முடைய அனுபவத்தில் தொட்டுப் பார்க்கலாம். என் போனைத் திறக்கிற கோட்டு வடிவத்தை யாராவது வாயால் சொல்லச் சொன்னால் நான் திணறிப்போவேன், காற்றில் விரலை அசைத்துப் பார்த்துத்தான் சொல்லத் தெரியும். எனக்கு அந்த இரண்டு நினைவும் ஒட்டிக்கொண்டே இருப்பதால் ஒன்று என்று தோன்றுகிறது. ஹென்றியிடம் அது ஒரேயடியாகப் பிரிந்து கிடந்தது. கைப்பழக்கம் பதிகிற இடம் பெருமூளையின் அடியில் இருக்கிற ஸ்ட்ரையேட்டம், இயக்கத்துக்கான புறணி, சிறுமூளை. வலிப்பு மருந்தை வருடக்கணக்காகச் சாப்பிட்டதில் ஹென்றியின் சிறுமூளையும் சுருங்கித்தான் போயிருந்தது, அப்படியும் புதிய கைப்பழக்கங்களைக் கற்றுக்கொண்டே இருந்தார். வயதான பிறகு வாக்கர் பிடித்து நடக்கவும் பழகினார்.

1962-இல் மில்னரிடம் மாணவியாக இருந்த சூசன் கார்கின் ஹென்றியைச் சந்தித்தார். பிறகு அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்துக்குப் போய், ஹென்றி சாகிற வரைக்கும், 46 வருடம் அவரோடு வேலை செய்தார். ஒவ்வொரு முறையும் புதிதாக அறிமுகம் செய்துகொள்ள வேண்டியிருந்தது. ஆனால் கொஞ்ச காலம் போனதும் ஹென்றிக்கு இவரை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது, பள்ளியில் கூடப் படித்தவரோ என்று நினைத்தார். பெயர் இல்லை, சம்பவம் இல்லை, பழகிய உணர்வு மட்டும் ஏதோ ஒரு வழியில் கசிந்து உள்ளே போயிருக்கிறது. துண்டு துண்டாகக் கோடு போட்ட படத்தை ஒரு தடவை காட்டிவிட்டுப் பிறகு காட்டினால், முன்பு பார்த்த ஞாபகம் இல்லாமலே, இன்னும் குறைந்த கோட்டிலேயே என்ன படம் என்று கண்டுபிடித்தார். அதுவும் இந்த வகைதான், புறணி தன்னளவிலேயே வைத்துக்கொள்கிற தடம்.

புதிய தகவல் எதுவும் ஏறாது என்று சொல்வதும் முழுக்கச் சரியில்லை. ஹென்றிக்குக் குறுக்கெழுத்துப் புதிர் என்றால் உயிர். ஆபரேஷனுக்குப் பின்னால் நடந்த விஷயங்களைப் பழைய தகவலோடு கோத்துக் குறிப்பாகக் கொடுத்தால், பழகப் பழகச் சிலவற்றுக்குச் சரியான பதில் எழுதினார். சால்க் தடுப்பூசி வந்தது ஆபரேஷனுக்குப் பிறகு, போலியோ என்ற நோய் அவருக்கு முன்பே தெரியும். அந்தப் பழைய கொக்கியில் புதியது மாட்டிக்கொண்டது. கொக்கி இல்லாத வெறும் புதுத் தகவல் மட்டும் கீழே விழுந்துவிட்டது.

உடம்பு சொல்வதுகூட அவருக்குச் சரியாக எட்டவில்லை. ஒரு முறை முழுச் சாப்பாடு சாப்பிட்டு முடித்து ஒரு நிமிடத்தில் இன்னொரு முழுச் சாப்பாட்டை வைத்தார்கள், அதையும் கிட்டத்தட்ட முழுக்கச் சாப்பிட்டார். சாப்பிட்டது மறந்துபோனது மட்டும் காரணமில்லை. பசி எவ்வளவு என்று எண்ணால் குறிக்கச் சொன்னால் சாப்பிடுவதற்கு முன்னாலும் பின்னாலும் பெரிய வித்தியாசம் இல்லை. அமிக்டலா போனதும் இதில் பங்கு வகிக்கிறது என்பது கார்கின் குழுவின் கருத்து.

ஆள்

இந்தக் கேஸில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கிற இடம் வேறு. சோதனைக்கு நடுவில் ஹென்றி சட்டென்று நிமிர்ந்து, நான் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டேனா, செய்துவிட்டேனா என்று கவலைப்படுவாராம். இந்தக் கணம் தெளிவாக இருக்கிறது, இதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது என்று தெரியவில்லை, கனவிலிருந்து விழித்த மாதிரி இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். யோசித்துப் பாருங்கள், தான் யாரையும் காயப்படுத்திவிடவில்லையே என்கிற அக்கறைக்கு ஹிப்போகாம்பஸ் தேவைப்படவில்லை. பண்பு, பேச்சு, கூச்சம், விட்டுக்கொடுப்பது எல்லாம் அப்படியே இருந்தன. தன்னைப் பற்றித் தெரிந்துகொள்வது மற்றவர்களுக்கு உதவும் என்றால் சரி என்று பலமுறை சொன்னார்.

சரி, அந்தச் சரி செல்லுமா என்று கேட்டாக வேண்டும். சம்மதம் கொடுத்தது ஒரு நிமிடத்தில் மறந்துபோகிறவரின் சம்மதம் எந்த அளவுக்குச் சம்மதம்? அம்மா உயிரோடு இருந்தவரை குடும்பம் கூடவே இருந்தது. அவரும் போன பிறகு நீண்ட காலம் ஹென்றியே கையெழுத்துப் போட்டார், 1992-இல்தான் நீதிமன்றம் வழியாக ஒரு காப்பாளர் வந்தார். இது அவர் இறந்த பிறகு பெரிய சர்ச்சையானது. அவரை அக்கறையோடுதான் பார்த்துக்கொண்டார்கள் என்பதற்கு நிறைய ஆதாரம் இருக்கிறது, நான் அதைச் சந்தேகிக்கவில்லை. ஆனால் இத்தனை வருடம் நடந்த ஆய்வில் அவர் பக்கம் மட்டும் நின்று பேச ஒரு ஆள் முதல் நாளிலிருந்தே இருந்திருக்க வேண்டும்.

அவரால் நிஜமான பலன் கிடைத்தது. இன்றைக்கு டெம்போரல் லோபில் ஆபரேஷன் செய்வதற்கு முன்னால் நினைவாற்றலைச் சோதிக்காமல் கை வைப்பதில்லை. ஜூன் வாடா என்ற மருத்துவர் கொண்டுவந்த முறையில், கழுத்துத் தமனி வழியாக மருந்து செலுத்தி மூளையின் ஒரு பாதியைச் சில நிமிடம் தூங்க வைத்து, மறுபாதி தனியாக ஞாபகத்தைத் தாங்குமா என்று பார்ப்பார்கள். ஞாபகத்துக்காக அதை மாற்றியமைத்தவர்களில் மில்னரும் ஒருவர். இன்னொரு ஹென்றி உருவாகக் கூடாது என்பதற்காக.

2,401 துண்டுகள்

2008 டிசம்பர் 2 அன்று, 82 வயதில், முதியோர் பராமரிப்பு இல்லத்தில் ஹென்றி இறந்தார். அன்று இரவே மணிக்கணக்காக எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அப்புறம் மூளை சான் டியாகோவுக்குப் போயிற்று. சரியாக ஒரு வருடம் கழித்து ஜாகோபோ அன்னேஸ் என்ற ஆய்வாளர் அதை உறையவைத்து, 53 மணி நேரம் விடாமல், 70 மைக்ரான் கனத்தில் 2,401 சீவல்களாகச் சீவினார். அதை இணையத்தில் நேரலையாகவே பார்த்தார்கள்.

ஸ்கோவில் 8 சென்டிமீட்டர் எடுத்ததாக எழுதியிருந்தார் அல்லவா, உயிரோடு இருந்தபோது எடுத்த எம்.ஆர்.ஐ.யிலேயே அது சுமார் 5 சென்டிமீட்டர்தான் என்று 1997-இல் தெரிந்துவிட்டது. சீவல்களை வைத்து 2014-இல் வெளியான ஆய்வு இன்னும் தெளிவாகக் காட்டியது: ஹிப்போகாம்பஸின் பின்பகுதி இரு பக்கமும் கணிசமாக மிஞ்சியிருந்தது. என்டோரைனல் கார்டெக்ஸ்தான் ஏறக்குறைய முழுக்கப் போயிருந்தது. வாசலை இடித்துவிட்டார்கள், பின்கட்டு நின்றுகொண்டிருந்தது. புறணியிலிருந்து வருகிற இழைகள் நுழைய வழியில்லாமல் அந்தப் பின்கட்டு 55 வருடம் கிட்டத்தட்டச் சும்மா கிடந்திருக்கிறது. ஹிப்போகாம்பஸ் முழுக்க இல்லாத மனிதர் என்று அரை நூற்றாண்டாகப் புத்தகங்களில் எழுதியதைத் திருத்த வேண்டியதாயிற்று.

அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது ஒரு வீட்டுப் படம். ஆபரேஷனுக்கு ஐந்து வருடம் கழித்து, 1958-இல், ஹென்றியின் குடும்பம் ஒரு சின்ன வீட்டுக்குக் குடிபோய் 1974 வரைக்கும் அங்கே இருந்தது. அந்த வீட்டின் வரைபடத்தைப் போடச் சொன்னபோது, புதிதாக எதுவுமே கற்க முடியாது என்று எல்லோரும் சொன்ன அந்த மனிதர் பென்சிலை எடுத்து, எந்த அறைக்குப் பக்கத்தில் எந்த அறை என்று சரியாக வரைந்துகொடுத்தார். ஹிப்போகாம்பஸுக்குப் பக்கத்தில் இருக்கிற, இடங்களுக்கு என்றே வேலை செய்கிற புறணியில் கொஞ்சம் ஸ்கோவிலின் குழாய்க்குத் தப்பியிருந்தது, அதனால்தான் இது முடிந்திருக்க வேண்டும் என்று கார்கின் எழுதினார். ஒரு நாளைக்குப் பல தடவை, வருடக்கணக்காக, அறைக்கு அறை நடந்து நடந்து அந்த மிச்சத் திசுவுக்குள் ஒரு வீடு ஏறியிருக்கிறது, எந்த ஒரு நாளும் அவர் ஞாபகத்தில் இல்லாமலே.